வரிசை இல்லாத விளை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கு அருகே உள்ள எங்கள் வீட்டின் பின்புறம் ஆறரை சென்ட் சரிவு நிலம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் அதில் நின்ற அயனி மரத்தையும் இரண்டு தென்னைகளையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நிழலில் கிடந்த செம்மண் முழு வெயிலைக் கண்டது. அதன் பிறகு மூன்றாண்டுகள் மரச்சீனி (மரவள்ளி) மட்டும் நட்டோம். 2021 ஜூன் மாதம் இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபோது, பாத்தியும் வரிசையும் இல்லாமல் செடிகள் தம் போக்கில் கலந்து வளரும் தோட்டமாக அதை மாற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். என் பாட்டியின் விளை, அதாவது வீட்டுத் தோட்டம், அப்படித்தான் இருந்தது. மாமரத்தில் நல்லமிளகு (குறுமிளகு) படர்ந்திருக்கும், பலாவின் அடியில் சேனையும் கூவையும் நிற்கும், வேலியோரம் காச்சில் கிழங்குக் கொடி ஏறியிருக்கும். ரப்பர் வந்த பிறகு அத்தகைய விளைகள் எங்கள் பக்கத்தில் அருகிவிட்டன. ஆகவே இதைப் புதுமுயற்சி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதல் ஆண்டில் செய்தவை மிகக் குறைவு. காலையில் முற்றம் பெருக்கிச் சருகைக் கூட்டித் தீ வைக்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, அந்தச் சருகையெல்லாம் பின்புறம் கொண்டு கொட்டினோம். பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடத்தில் மட்டி வாழை நான்கு மூடு வைத்தேன். மஞ்சள், சேனை, கூவை ஆகியவற்றின் கிழங்குகளைக் கால் போன போக்கில் அங்கங்கே புதைத்தேன். எல்லையில் சீமைக்கொன்றைக் கம்புகளை ஊன்றினேன். நிலத்தின் கீழ்ப் பாதியை மட்டும், பழைய பழக்கத்தை விட மனமின்றி, மம்பட்டியால் கொத்திப் புல் பூண்டு இல்லாமல் வைத்திருந்தேன். அந்த நவம்பரில் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தபோது, கொத்திய பாதியின் மேல்மண் கரைந்து கிணற்றடியில் சேறாக வந்து படிந்தது. தும்பையும் கீழாநெல்லியும் தொட்டாவாடியும் பின்னிக் கிடந்த மேல் பாதியோ அசையவில்லை. அதற்குப் பிறகு நான் குழி தோண்ட மட்டுமே மம்பட்டியை எடுக்கிறேன்.

இரண்டாம் ஆண்டின் தொல்லை நானே காசு கொடுத்து வாங்கியது. வெற்று மண்ணை மூடுவதற்கு நல்லது என்று ஒரு நர்சரியில் சொன்னதை நம்பி, மஞ்சள் பூப் பூக்கும் வெடலியாவை ஆறு சிறு பைகளில் வாங்கி வந்து சரிவில் நட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆடியில் மஞ்சள் முளைகளைத் தேடியபோது, முழங்கால் உயரத்துக்கு வெடலியாவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. ஒரு தண்டைப் பிடித்துத் தூக்கினால், விரல் நீளத்துக்கு ஒரு கணுவும், ஒவ்வொரு கணுவிலும் மண்ணைக் கவ்விய வெள்ளை வேர்க் கொத்தும் இருந்தன. இழுக்கும்போது அறுந்து மண்ணில் தங்கிய ஒரு கணு, பத்தே நாளில் இரண்டு இலைகளோடு எழுந்து நின்றது. பிடுங்கியதை உரக்குழியில் போட்டது அடுத்த தவறு; அங்கும் அது தழைத்தது. கடைசியில் சிமென்ட் தளத்தில் பரப்பி வெயிலில் சருகாக்கிய பிறகே குழியில் சேர்த்தேன். முழுதாக ஒழிய ஓராண்டு ஆயிற்று. இயற்கையாகக் கலந்து வளரட்டும் என்று விட்டால், எல்லாம் கலக்காது. வலுத்த ஒன்று மற்றவற்றைத் தின்றுவிடும் என்பதை அந்தச் செடி எனக்குக் காட்டியது.

அதைவிட மெதுவாகப் புரிந்தது வெயில் கணக்கு. கோடை முடிவில் இடவப்பாதி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் பெறும் இந்த மண்ணில் எதையும் வளர்ப்பது பெரிய காரியமில்லை. கம்பாக ஊன்றிய சீமைக்கொன்றை இரண்டே ஆண்டில் வீட்டு ஓட்டைத் தொட்டது. கீழே வாழை வெளிறியது, நல்லமிளகுக் கொடி சரம் விடாமல் இலையாகவே நீண்டது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, வைகாசிக் கடைசியிலும் புரட்டாசியிலும், சீமைக்கொன்றையைத் தோள் உயரத்துக்கு வெட்டி, தழையை வாழை மூட்டிலேயே போடுகிறேன். அது பயறுக் குடும்பத்து மரம் என்பதால் அந்தத் தழை நல்ல உரமாகிறது. எதை நடுவது என்று நான் யோசித்த நேரத்தைவிட, எந்தக் கிளையை எப்போது இறக்குவது என்று அண்ணாந்து பார்த்து நின்ற நேரமே அதிகம்.

விளைச்சலைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். ஏத்தன் (நேந்திரம்) வாழை இந்தக் கலப்பில் தோற்றது; இரண்டு முறை வைத்தும் குலை மெலிந்தே வந்தது. தக்காளியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மட்டியோ கேட்காமலே தந்துகொண்டிருக்கிறது. 2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது எங்கள் அடுக்களையில் இரண்டாவது குலை தொங்கிக்கொண்டிருந்தது. கூவையும் மஞ்சளும் அரை நிழலில் செழித்தன. காந்தாரி மிளகாயை நான் நடவேயில்லை. கொண்டைக்குருவி வந்து உட்காரும் மாங்கிளைக்கு நேர் கீழே ஏழு செடிகள் முளைத்தன. பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. பழத்தைத் தின்று விதையை எச்சத்தோடு இட்டுச் செல்கின்றன. அந்த ஏழும் நான் நட்ட குண்டு மிளகாயைவிட நன்றாகக் காய்க்கின்றன என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

வேலியில் தானே வந்த கருடக்கொடியை இரண்டு முறை அறுத்து எறிந்திருந்தேன். மூன்றாம் முறை சோம்பலால் விட்டுவைத்தேன். ஒரு நாள் இலையின் அடியில், சிவந்த முள் போன்ற தசைக்கூம்புகளும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையும் கொண்ட கரிய புழு ஒன்று, இலையை விட்டுவிட்டுத் தண்டையே சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தது. கொடி பாதி மொட்டையானது. சில வாரங்களில் உடல் சிவந்த கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் தெற்றிப் பூவில் (இட்லிப் பூ) வந்து அமரத் தொடங்கின. புழு தின்ற கொடியை இப்போது யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஆப்பிரிக்க நத்தை இன்னும் தீரவில்லை. ஈரச்சாக்கின் அடியில் பப்பாளி இலையைப் போட்டுவைத்து, விடியும் முன் கையுறை மாட்டிப் பொறுக்கி உப்புநீரில் போடுகிறேன், அவ்வளவுதான் வழி.

பக்கத்து வீட்டுச் சித்தி மதில் மேல் கையூன்றி, "மக்களே, இந்தச் சவற எல்லாம் எப்போ வெட்டிக் களையப்போற? பாம்பு வந்து கெடந்தா தெரியுமா?" என்று கேட்பது வழக்கம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் வீட்டைச் சுற்றி நான்கடி அகலத்துக்குப் பெருக்கிய தரையாகவே வைத்திருக்கிறேன். கொசு பெருகாதிருக்க மழை விட்ட மறுநாள் சிரட்டைகளையும் பழைய சட்டிகளையும் கவிழ்த்து வைக்கிறேன். சித்தியும் மாதம் ஒரு முறை கூவைக் கிழங்கு கேட்டு வாங்கிப் போகிறார்.

இப்போது ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. கிணற்றுக்கு ஆறடி தள்ளி ஒரு அயனிக் கன்று முளைத்து என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. ஓகியில் விழுந்த எங்கள் மரத்தின் விதையாக இருக்க வழியில்லை. அயனி விதை காய்ந்தால் முளைக்காது, ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்திருக்காது. வவ்வால் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கவேண்டும். அந்த இடத்தில் அது மரமானால் கிணற்றின் உறையை வேர் தள்ளிவிடும். பிடுங்கி மாற்றி நட்டால் ஆணிவேர் அறுந்துவிடும் என்கிறார் தேங்காய் பறிக்க வரும் அண்ணன். இடவப்பாதி தொடங்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. வேரைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.