இரண்டு பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு

ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறோம், கதையை நடத்துவது நான். வாட்ஸ்அப் குழுவில் ஆறு பேர். ஞாயிறு மாலை வேளச்சேரியில் என் வீட்டு ஹாலில் வந்து உட்காருவது மூன்று பேர், சில நாள் இரண்டு. போன கேம்பெயின், அதாவது வாராவாரம் தொடரும் கதை, இப்படித்தான் செத்தது. கதை முழுவதையும் ஒரே கேரக்டரின் தலையில் கட்டியிருந்தேன். தொலைந்துபோன இளவரசர் அவர்தான். ஆடிய நண்பருக்கு நைட் ஷிஃப்ட் வந்தது. இளவரசர் நான்கு வாரம் குதிரை லாயத்தில் தூங்கினார். ஐந்தாவது வாரம் நாங்களும் கடையைச் சாத்திவிட்டோம்.

யாரைக் குறை சொல்ல? ஒருவருக்கு மாதக் கடைசிக் கணக்கு, ஒருவருக்குக் கைக்குழந்தை, முகூர்த்த மாதம் பிறந்தால் வாரம் ஒரு ரிசப்ஷன். அதனால் இந்த முறை ஆள் வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போட்டேன். சூப்பர் ஹீரோ கதையை எடுத்ததும் அதற்குத்தான். நிலவறைக்குள் நடக்கும் கதையில் பாதி வழியில் ஒருவர் காணாமல் போனால் அபத்தமாக இருக்கும். சென்னையில் ஒரு ஹீரோ இன்று வரவில்லையா, அவருக்கு மணலியில் வேறு வேலை.

முதலில் எடுத்தது மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற சூப்பர் ஹீரோ கேம், மூன்றாம் பதிப்பு. ஹீரோக்களின் பலத்தைக் குறிக்கும் பவர் லெவல் 10 என்றால் ஆளுக்கு 150 புள்ளி. சக்தி, திறமை, தற்காப்பு எல்லாவற்றையும் அதற்குள் வாங்க வேண்டும். எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். மற்றவர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் மாதிரி இருந்ததாம். வந்த மூவரில் ஒருவர்தான் அன்று கேரக்டர் ஷீட்டை முடித்தார், அதிலும் 11 புள்ளி உதைத்தது. அடுத்த வாரம் நான்காமவர் வந்தால் மறுபடி முதலிலிருந்தா? மூடி வைத்துவிட்டேன்.

இப்போது ஆடுவது மாஸ்க்ஸ் என்ற கேம். 2016இல் வந்தது, டீன் ஏஜ் ஹீரோக்களுக்கானது. ஆறு முகப் பகடை இரண்டு போதும். உருட்டி, ஹீரோவின் குணத்துக்கான லேபிள் எண்ணைச் சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 என்றால் வெற்றியோடு ஒரு வில்லங்கமும் வரும். ஒவ்வொரு ஹீரோ வகைக்கும் ஒன்றாக வரும் பிளேபுக் தாளில் டிக் அடித்தே கேரக்டர் தயார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆரம்பத்தில் அணியில் இன்னொருவரோடு என்ன உறவு என்று சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் வராத நாளில் அந்த உறவு சும்மா கிடக்கும். ஒவ்வோர் உறவையும் இரண்டு பேரோடு கட்டச் சொன்னேன். இது எங்கள் வீட்டு விதி.

அப்புறம் இன்னும் இரண்டு. ஒரு செஷன் என்பது ஒரு காமிக்ஸ் இதழ், வில்லன் தப்பினாலும் அன்றே முடிய வேண்டும். வராதவர், தன் ஹீரோ அன்று எங்கே இருந்தார் என்று திங்கட்கிழமைக்குள் ஒரு வரி அனுப்ப வேண்டும்.

போன ஞாயிறு மழை. இரண்டே பேர். கலங்கரை விளக்கம் பக்கம் 2023இல் இறங்கிய மெட்ரோ சுரங்க இயந்திரத்துக்கு ஃபிளமிங்கோ என்று பெயர். பெயரைக் கேட்டதுமே வில்லன் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். கச்சேரி ரோடு நோக்கிப் போக வேண்டிய அது, எங்கள் கதையில் ஓர் இரவு தானாகத் திரும்பிக் கடலைப் பார்த்துத் தோண்டுகிறது. வந்தவர்களில் ஒருவரின் ஹீரோவான, தண்ணீர் பேசுவதைக் கேட்கும் பிளஸ் டூ மாணவி அடி பம்பில் காதை வைத்து அது போகும் இடத்தைக் கண்டுபிடித்தாள். இயந்திரத்தை நிறுத்தப் பகடையை உருட்டினாள். ஒன்று மிக்சர் கிண்ணத்துக்குள் விழுந்தது, மொத்தம் 8. இயந்திரம் நின்றது, மெயின் குழாயும் உடைந்தது. விடிந்ததும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவள் அவளேதான். "ராத்திரி பூரா எங்கடி சுத்தின?" என்று அம்மாவின் திட்டு வேறு. பகடைச் சண்டையைவிட அந்தக் காட்சிதான் அதிக நேரம் ஓடியது.

திங்கட்கிழமை கைக்குழந்தைக்காரர் அனுப்பிய வரி: "என் ஆள் எண்ணூரில் இருந்தான். கடலுக்கு அடியில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது." அதைப் படித்ததும், இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவனாக நான் எழுதி வைத்திருந்த கோபக்கார இன்ஜினீயர் வில்லனை அப்படியே நீக்கிவிட்டேன். இளவரசர் நண்பர், "தூங்கினேன்" என்று மட்டும் அனுப்பினார். சரி, எங்கே தூங்கினார் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு முகூர்த்த நாள். இரண்டாவது இதழையும் இரண்டு பேருக்காகவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.