பிரஷ் கட்டரும் நாலு மாசப் பெட்ரோலும்

பிப்ரவரியில் கடைசியாகப் புல் வெட்டிவிட்டு பிரஷ் கட்டரை மோட்டார் ரூம் ஆணியில் மாட்டினேன். டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல். அடுத்த தடவைக்கு ஆகும் என்று விட்டுவிட்டேன். ஜூன் மழையில் தென்னைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

ஆனைமலையில் ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் சவ்வு அப்பளம் போல விறைத்திருந்தது. "என்னங்ணா, நாலு மாசம் ஊற வெச்சுட்டீங்களா?" என்றவர், டேங்கில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தார். சற்று நேரத்தில் மேலே ஆயில் நிறத்தில் பெட்ரோல், அடியில் விரற்கடை உயரத்துக்குக் கலங்கல்.

பங்க் பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலக்கிறார்கள். 2022 ஜூனில் 10 சதவீதமாக இருந்தது 2025-ல் 20 ஆகிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டேங்குக்குள் பெட்ரோல் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் கிடக்கிறது. நாம் பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்த ஆயில்தான் உயிர். ஸ்டார்ட் ஆகாததே என் அதிர்ஷ்டம். ஓடியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கும்.

நம்பாமல் நானும் சோதித்தேன். அளவுக் குடுவையில் 20 மில்லி தண்ணீர், அதன்மேல் 80 மில்லி பங்க் பெட்ரோல், மூடிக் குலுக்கி வைத்தேன். எத்தனால் தண்ணீரில் இறங்கி, தண்ணீர் மட்டம் முப்பதைத் தாண்டி நின்றது. இப்படியே எத்தனாலைக் கழுவி எடுத்து ஊற்றலாம் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். வேண்டாம், ஆக்டேன் இறங்கிவிடும், அந்தக் கழுவிய தண்ணீரைக் கொட்டவும் இடமில்லை.

என் மெஷின் புத்தகத்தில் 10 சதவீத எத்தனால் வரை என்றுதான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பங்க்கில் கிடைப்பது இருபதுதான். அதனால் இப்போது ஒரு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை. 50-க்கு 1 கணக்கில் 20 மில்லி 2T ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது). மருந்து ஊற்றும் சிரிஞ்சில் அளந்தால் கை தவறாது. முன்பெல்லாம் மீந்ததைப் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஊற்றிவிடுவோம். இப்போதிருக்கும் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு ஆகாது.

கேனையும் மாற்றினேன். முன்பு வைத்திருந்தது சமையல் எண்ணெய் வந்த வெள்ளை பிளாஸ்டிக் கேன், அதுவும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே! மோட்டார் போடும்போதெல்லாம் பொறி பறக்கும் இடம். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது இறுக்கமான மூடியுள்ள இரும்புக் கேன், நிழலான தனிக் கொட்டகையில். கழுத்துவரை நிரப்புவதில்லை, வெயில் ஏறினால் பெட்ரோல் விரியும். கலந்த தேதியை மார்க்கரில் எழுதி வைக்கிறேன்.

நேற்று வெட்டி முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு, குழாயில் இருந்தது தீரும்வரை ஐடிலில் ஓடவிட்டேன். ஓரிரு நிமிடம் ஓடி, சத்தம் ஒரு தடவை ஏறி, நின்றது.