ஆச்சி நிறுத்தச் சொன்ன மருந்து

அந்த ஆச்சி "போதும், நிறுத்திருவோம்" என்று சொன்னபோது நான் நிறுத்தவில்லை. அவர் என்னிடம் வைத்தியத்துக்குக் கொண்டுவந்த நாய், செவலை, பிழைத்துவிட்டது. அதனால் நான் செய்தது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆச்சியும் சொல்கிறார். எனக்குத்தான் அந்தப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தச் சிவப்பணுக்களை அந்நியம் என்று நினைத்து அழிக்கிற ரத்தசோகை அதற்கு. நம் பக்கம் ஈறு வெளுத்து, காது மடல் மஞ்சள் பாய்ந்து, கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம் போகிற நாய் வந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் சந்தேகப்படுவோம். அந்தக் காய்ச்சலைத் தருகிற கிருமிகளான பபீசியா இருக்கும், எர்லிக்கியா இருக்கும். அவை இருந்து அவற்றாலேயே இந்த நோய் கிளம்புவதும் உண்டு. செவலையின் ஸ்லைடில் ஒட்டுண்ணி எதுவும் தெரியவில்லை. பிசிஆர் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, கிருமி இருந்தால் அதற்கான டாக்ஸிசைக்ளினும் தொடங்கினேன், அந்தப் பரிசோதனையும் பின்னால் கிருமி இல்லை என்றே வந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் சலைன் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அணுக்கள் பிரியாமல் கொத்துக் கொத்தாக நின்றன, இந்த நோயின் அடையாளம் அது. பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நூற்றுக்கு 13. நல்ல நாய்க்கு 37-இலிருந்து 55 வரை இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஆச்சி, "அது ரத்தத்த அதே திங்குதாக்கும்?" என்றார். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். சேரன்மகாதேவியிலிருந்து என்னிடம் வருவதற்கே அவருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது, அதற்கு மேல் அலைய முடியாது என்றார். பெங்களூரில் இருக்கிற பேரன் போனில் வந்தான். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, அனுப்புகிறேன் என்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நோயில் மூன்றில் ஒன்று, சில ஆய்வுகளில் பாதிக்கும் மேல் செத்துவிடுகின்றன, முதல் இரண்டு வாரம்தான் கண்டம், ரத்தம் உறைந்து நுரையீரலில் போய் அடைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. கேட்டுவிட்டு, "ஆச்சிகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க சார், பயந்துரும்" என்றான். நானும் சரி என்றேன். பணம் கட்டுகிறவன் அவன், வீட்டு ஆளும் அவன், அந்த நேரத்தில் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம், கூடவே குளோபிடோகிரல். அது இதய நோயாளிகள் சாப்பிடுகிற மாத்திரைதான், ரத்தம் உறையாமல் இருக்க. 2019-இல் வந்த, அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் அமைப்பான ஏசிவிஐஎம்மின் வழிகாட்டுதலிலும், தட்டணுக்கள் மிகவும் குறைந்துபோகாத நாய்களுக்கெல்லாம் உறைதலைத் தடுக்கிற மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஸ்டீராய்டு வேலையைக் காட்டச் சில நாள் பிடிக்கும், அதுவரை நாய் தாங்க வேண்டும். மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு ரத்த வங்கி உண்டு, ஆனால் இங்கே படுத்துக் கிடக்கிற நாய்க்குச் சென்னை எங்கே இருக்கிறது? பாளையங்கோட்டையில் ஒருவர் தன் ராஜபாளையம் நாயைக் கூட்டி வந்து ரத்தம் கொடுத்தார், அந்த மனுசனை நான் மறக்க மாட்டேன். பிசிவி 19-க்கு ஏறியது. இரண்டு நாளில் மறுபடி 14.

அன்றைக்குத்தான் ஆச்சி சொன்னார். "எய்யா, நிறுத்திருவோம். வேற நாயி ரத்தத்தயும் தின்னுட்டுல்லா. இன்னும் என்னத்த ஊத்தப்போறிய? அதுபாட்டுக்கு வாசல்ல கெடந்து போவட்டும்."

"இன்னும் ரெண்டு மூணு நாள் பாப்போம் ஆச்சி. மருந்து இப்பதான் பிடிக்கிற நேரம்" என்றேன்.

"நீங்க சொல்லுதிய. ராத்திரி பூரா அது இளைக்கி. கூட கெடக்கது நாந்தான்."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்ல ஏதாவது இருக்கும், அன்றைக்கு இல்லை. மாத்திரைகளை எடுத்து நேரம் எழுதிக் கொடுத்தேன், வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனார். அவர் சம்மதித்துப் போனாரா, டாக்டர் சொல்கிறாரே என்று போனாரா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. அது மருந்து பிடிக்கிற நேரம்தான், ரத்தத்தில் புது அணுக்களும் தெரிய ஆரம்பித்திருந்தன, அந்தக் கட்டத்தில் கைவிட எந்த டாக்டருக்கும் மனம் வராது. நாய்க்கு வலி இருந்த மாதிரியும் தெரியவில்லை, பலவீனம்தான். ஆனால் பேரனிடம் சொன்னதில் பாதியை ஆச்சியிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் வாங்கிப் போயிருப்பாரா? போயிருக்க மாட்டார். செவலை செத்திருக்கும். அப்படியானால் சொல்லாததுதான் அதைக் காப்பாற்றியது என்று ஆகிறது, அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு உவப்பாக இல்லை.

அதற்கு அடுத்த வாரமே பிசிவி 22. அப்புறம் ஏறிக்கொண்டேதான் போனது. அதோடு முடிகிற வைத்தியமா இது? மாத்திரையை நான்கிலிருந்து எட்டு மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், ஒவ்வொரு தடவை குறைப்பதற்கு முன்னும் ரத்தம் பார்க்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம். ஸ்டீராய்டு சாப்பிடுகிற நாய்க்கு அகோரப் பசி, அகோரத் தாகம். வயிறு உப்பி, தொடை வற்றி, ராத்திரியில் நாலு தடவை வெளியே போகும். அந்த வயதில் ஆச்சிதான் ஒவ்வொரு தடவையும் எழுந்து கதவைத் திறந்தார். சாளை மீனுக்குள் மாத்திரையை வைத்துக் கொடுத்தார். அம்பாசமுத்திரத்தில் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, மாத்திரை நேரம் என்று சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிட்டார். மகளுக்கு அதில் வருத்தம். இந்தச் செலவெல்லாம் எந்தப் பில்லிலும் வரவில்லை, பேரன் அனுப்பிய பணத்திலும் அடங்கவில்லை. அந்த வைத்தியத்தை நடத்தியது ஆச்சிதான், முடிவை மட்டும் நாங்கள் இரண்டு பேர் போனில் எடுத்திருக்கிறோம்.

அவர் இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "நீங்க அன்னைக்குச் சொன்னது நல்லதாப் போச்சுய்யா" என்பார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு அதே நோயோடு ஒரு லேப்ரடார் வந்தது. அந்த வீட்டுக்காரரும் கொஞ்ச நாளில், "விட்டுரலாமா சார்" என்றார். நான் செவலையின் கதையைச் சொன்னேன். இரண்டு மூன்று நாள் பாருங்கள், மருந்து பிடிக்கிற நேரம் என்றேன். அதே மருந்து, அதே அளவுக் கணக்கு, குளோபிடோகிரலும் கொடுத்துத்தான் இருந்தேன். அன்று ராத்திரியே மூச்சுத் திணறி, விடிவதற்குள் கிளினிக்கில் செத்துவிட்டது. பெரும்பாலும் நுரையீரலில் அடைத்திருக்கும். அவர் சண்டை போடவில்லை. நாயைத் துணியில் சுற்றி எடுக்கும்போது, "நேத்து கொண்டு போயிருந்தா வீட்லயாவது போயிருக்கும்லா சார்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு பேரிடமும் நான் சொன்னது ஒன்றுதான். ஒன்றில் அது நல்ல வார்த்தை ஆயிற்று, இன்னொன்றில் ஒரு மனுசனிடமிருந்து கடைசி ராத்திரியைப் பிடுங்கிய வார்த்தை ஆயிற்று. சொன்ன நேரத்தில் எனக்கு இரண்டிலும் ஒரே அளவுதான் தெரிந்திருந்தது. ஆச்சி விஷயத்தில் நான் சரி என்றால் இவர் விஷயத்திலும் சரியாகத்தான் இருக்க வேண்டும். வைத்தியக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தத் துணிச் சுருளைத் தூக்கி வண்டியில் வைக்கக் கை கொடுத்தவனுக்கு அது போதவில்லை.

இப்போது யார் பணம் கட்டினாலும், நாயோடு ராத்திரி இருக்கிறவரை உட்கார வைத்து, வெளியூர்க்காரரை ஸ்பீக்கரில் போட்டு, நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எத்தனை மாதம், எத்தனை ராத்திரி, எப்போது எது நடக்கலாம் என்று ஒன்று விடாமல். இதுதான் முறை என்று நம்புகிறேன். நம்பினாலும், போன மழைக்காலத்தில் அப்படி எல்லாவற்றையும் கேட்ட ஒரு பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிசிவி 16. சின்ன வயசு, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, செவலையைவிடப் பிழைக்க வாய்ப்புள்ள நாய். வாசல் வரை போனேன். "ரெண்டு நாள் பாக்கலாமே" என்று வாயில் வந்தது, சொல்லவில்லை. அந்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்க அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது, இன்னும் கூப்பிடவில்லை.