நேராக இருந்தால் உண்மை

ரஷ்ய மொழியில் 'பிராவ்தா' என்றால் உண்மை. 1912-இல் தொடங்கிய போல்ஷ்விக் நாளிதழால் நம் காதுக்கும் பழகிப்போன சொல்தான். ரஷ்யன், போலிஷ், செர்பியன் போன்ற மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி ஸ்லாவிய மொழியில் இது *பிராவிதா. முன்னால் உள்ள நட்சத்திரக் குறிக்கு, எந்த எழுத்திலும் கிடைக்காத, பிற்கால மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்று பொருள்.

'பிராவ்' என்றால் நேரானது, அதோடு 'இதா' என்ற விகுதி. நம் 'நேர்', 'நேர்மை' ஆன மாதிரி. கோணலைக் குறிக்கும் 'கிரிவ்'வோடு அதே விகுதி சேர்ந்தால் *கிரிவிதா, அதாவது பொய், அநியாயம். இந்த ஜோடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் இருந்த அந்தக் குட்டி 'இ' பின்னாளில் தேய்ந்து காணாமல் போய்தான் 'பிராவ்தா' ஆனது.

இலக்கணப்படி பெண்பால். ஆதி ஸ்லாவியத்தில் இரண்டாம் வேற்றுமையில் கடைசி 'ஆ' போய் மூக்கால் ஒலிக்கும் 'ஓ' வரும். ரஷ்யனில் அது வெறும் 'பிராவ்து' ஆகிவிட்டது, போலிஷ்காரர்கள் மட்டும் அந்தக் கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு வாலை இன்னும் போட்டு எழுதுகிறார்கள்.

அப்புறம், செர்பியாவில் போய் 'பிராவ்தா' என்றால் நீதி என்றுதான் புரிந்துகொள்வார்கள். உண்மைக்கு அங்கே 'இஸ்தினா'.