கேரவன் குளியலறையில் தேங்கிய தண்ணீர்

மூன்று நாளாகக் கானாடுகாத்தானில், அப்பத்தா வீட்டுப் பின்கட்டு ஓரமாகத்தான் எங்கள் கேரவன் நிற்கிறது. நேற்றுக் காலை குளிக்கும்போது தண்ணீர் கணுக்கால் வரை ஏறிவிட்டது.

முதலில் சல்லடையைக் கழற்றினேன். வளைவுக் குழாய்க்குள் முடியும் சோப்புப் பிசுக்கும் திரண்டு விரல் தடிமனில் ஒரு கயிறு! கம்பியை வளைத்து இழுத்ததும் கொஞ்சம் தேவலை. ஆனாலும் 'களக் களக்' சத்தம் போகவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் காற்றுக் குழாயைப் பாருங்கள். வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இருக்கும் காற்று அதன் வழியே வெளியேறினால்தான் தண்ணீர் இறங்கும். வண்டிக் கூரையில் ஏறினால், அந்தக் குழாயின் மூடிக்கு அடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தட்டி எடுத்தேன், மடமடவென்று வடிந்துவிட்டது.

தொட்டி நிறைந்தாலும் முதலில் குளியலறையில்தான் தெரியும். வண்டியிலேயே தாழ்வான வாய் அதுதான். ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

"அந்தத் தண்ணிய ஊருணிப் பக்கம் விட்டுறாதய்யா" என்றார் அப்பத்தா. ஊர் மழைத்தண்ணீர் எல்லாம் போய்ச் சேரும் இடம், எப்படி விடுவேன்? நீளக் குழாய் போட்டு, தொட்டியைப் பின்கட்டு வாழைகளுக்குத் திறந்துவிட்டேன். அப்புறம், பாத்திரத்து எண்ணெயைத் தாளால் துடைத்துவிட்டுத்தான் இப்போது கழுவுகிறோம்.