ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்ப்

என் பழைய ஹேட்ச்பேக்கில் பார்க்கிங் லைட் ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. புதிது போட்டால் சில நாள் ஒன்றும் ஆகாது. அப்புறம் திடீரென்று டேஷ்போர்டு இருட்டாகும், பின்னால் சிவப்பு விளக்கும் எரியாது. ஹெட்லைட் எரிகிறதே என்று ஓட்டிக்கொண்டே போகலாம்தான். ஆனால் இருட்டில் பின்னால் வருகிறவருக்கு வண்டி தெரியாது. அந்த எண்ணம் வந்த பிறகு இதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

போன ஃபியூஸைத் தூக்கிப் போடுவதற்கு முன் உற்றுப் பாருங்கள். லோடு கொஞ்சம் கூடிப் போயிருந்தால் உள்ளே இருக்கும் கம்பி நடுவில் உருகி அறுந்திருக்கும், அவ்வளவுதான். நேரடி ஷார்ட் என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் உள்பக்கமே கருகியிருக்கும். என்னுடையது நன்றாகக் கருகியிருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருப்பதால், தோல் உரிந்த பாசிட்டிவ் வயர் எந்தத் தகட்டில் பட்டாலும் ஷார்ட்தான்.

10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் நிற்கவில்லையா, 20 ஆம்பியர் மஞ்சளைப் போடு என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸின் வேலை வயரைக் காப்பது. அதைப் பெரிதாக்கினால் அடுத்துச் சூடாவது கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர். அங்கே தீப்பிடித்தால் நமக்குத் தெரியவருவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

எனக்குப் பிடித்த வழி, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணைப்பது. பிரேக் லைட்டுக்குப் போடும் சாதாரண இழை பல்பே போதும். லைன் முழு ஷார்ட்டில் இருந்தாலும் பல்ப் வழியாக இரண்டு ஆம்பியருக்குக் குறைவாகத்தான் ஓடும்; வயர் பாதுகாப்பாக இருக்கும், ஃபியூஸும் வீணாகாது. பல்ப் முழுப் பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. தொடர்பு விட்டவுடன் அது மங்கிவிடும். மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்ப்பதைவிட இது எனக்கு நம்பகமாகப் படுகிறது. காரணம், குளிர்ந்த பல்ப் இழையின் மின்தடை மிகக் குறைவு. நான்கைந்து நல்ல பல்புகள் சேர்ந்தாலே மீட்டர் ஷார்ட் போலக் காட்டும். ஆகவே எந்த வழியில் பார்த்தாலும் அந்த லைனில் உள்ள பல்புகளை முதலில் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, ஏர்பேக் வயரிங்கில் இந்தச் சோதனை கூடவே கூடாது. அதன் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும், கிட்டப் போகாதீர்கள்.

பல்பை மாட்டி பார்க்கிங் லைட்டைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. முன்பக்க விளக்குகளின் கனெக்டர்களைக் கழற்றினேன், மாற்றம் இல்லை. சரி, பின்பக்கம் பார்ப்போம் என்று டிக்கி கதவைத் திறந்தேன். ஃபியூஸ் இடத்தில் மாட்டிய சோதனை பல்ப் மங்கிவிட்டது! இன்னும் எதையும் தொடக்கூட இல்லை. கதவை மூடினால் பிரகாசம், திறந்தால் மங்கல். ஃபியூஸ் ஏன் சில நாள் தாங்கி அப்புறம் போனது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கதவு மூடும்போதெல்லாம் வயர் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியிருக்கிறது.

இந்த மாதிரி ஷார்ட்தான் ஆளை ஏமாற்றும். டெயில் லைட்டைக் கழற்ற டிக்கியைத் திறந்தே ஆக வேண்டும். திறந்ததும் கோளாறு ஒளிந்துகொள்ளும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். பின் சீட்டை மடித்துவிட்டு உள்ளே படுத்தபடி, மூடிய கதவின் கீல் பக்கம் பார்த்தேன். பாடியிலிருந்து கதவுக்குப் போகும் ரப்பர் குழாயை அழுத்தும்போதெல்லாம் பல்ப் மினுக்கியது. கதவைத் திறந்து குழாயை உருவினால், நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகும் வயரின் தோல் வளைவில் வெடித்து, செம்பு துவாரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓடிய பின் வைப்பர் வயரிலும் விரிசல்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களையும் வெட்டி எடுத்தேன். அங்கேயே டேப் சுற்றி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை, வளைந்து வளைந்து அது பிரிந்துவிடும். வளையும் பகுதி முழுவதற்கும், அதே கனத்தில் மெல்லிய இழைகள் நிறைந்த புது வயர் போட்டேன். இணைப்புகளைக் குழாய்க்கு வெளியே, வளையாத இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி வைத்துச் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும். அது வளைவுக்குள் வந்தால் சீக்கிரம் ஒடியும்.

சோதனை பல்ப் இருக்கும்போதே கதவைத் திறந்து மூடி, குழாயை ஆட்டிப் பார்த்தேன்; டேஷ்போர்டு விளக்குகளுக்கான மங்கலான ஒளி மட்டும்தான், பிரகாசம் வரவில்லை. பிறகு பல்புகளை எல்லாம் திரும்ப மாட்டி, சிவப்பு 10 ஆம்பியரைச் செருகினேன். ஓட்டுநர் கதவின் கீலிலும் இதே போன்ற ரப்பர் குழாய் உண்டு. அதையும் உருவிப் பார்த்தேன், வயர்கள் நன்றாக இருந்தன.