பன்னீர் சோடாவும் ஓர் அரியரும்

சென்ற வாரம் முடிவு வந்தது. எம்.பி.ஏ.யில் என் கழுத்தைப் பிடித்திருந்த விநியோகச் சங்கிலி மேலாண்மை அரியர் ஒருவழியாகத் தொலைந்தது. முழு மதியம் விளையாடிக் கற்ற பாடத்தில்தான் நான் தோற்றிருந்தேன்.

1960களில் எம்.ஐ.டி.யில் உருவான ‘பீர் விளையாட்டு’ உங்கள் வகுப்பிலும் நடந்திருக்கும்: சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், ஆலை என நால்வர் வரிசையாக உட்கார்ந்து, வாரா வாரம் அடுத்தவரிடம் ஆர்டர் போட்டுச் சரக்கு வாங்கும் ஆட்டம். எங்கள் ஆசிரியர் பீரைப் பன்னீர் சோடாவாக்கிவிட்டார். பெட்டிக்குப் பதில் புளியங்கொட்டை. நான் மொத்தக் கடை. பேசக்கூடாது, ஆர்டர் சீட்டை மட்டும் நகர்த்தலாம். வாரம் 4 பெட்டி என்று நிம்மதியாகப் போனது. திடீரென்று ஒரு சீட்டைத் திருப்பினால் 16. பதறிப்போய் 30 கேட்டேன். வரவில்லை. அடுத்த வாரமும் 30, அதற்கடுத்த வாரமும் 30. கேட்டது கைக்கு வர 4 வாரம் ஆகும் என்று தெரிந்தேதான் கேட்டேன். பிறகு மொத்தமாக வந்து குவிந்தது. மேசை கொள்ளாமல் கொட்டைகள் தரையில் உருண்டன. சில்லறைக் கடைக்காரியான தோழியை முறைத்தேன். கடைசியில் வாடிக்கையாளர் சீட்டுகளைக் காட்டினார்கள்: ஐந்தாவது வாரம் 4 என்பது 8 ஆனது. அதன்பின் மாறவே இல்லை.

தேர்வில் புல்விப் விளைவு, அதாவது வாடிக்கையாளரிடம் சிறிதாக மாறும் தேவை ஆலைப் பக்கம் போகப் போகப் பெரிய அலையாவது, 13 மதிப்பெண்ணுக்கு வந்தது. நான்கு பக்கம் புளியங்கொட்டைக் கதை எழுதினேன். திருத்தியவர் எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவரா என்ன? அவருக்கு வேண்டியது காரணங்கள்: தேவைக் கணிப்பைத் திருத்திக்கொண்டே போவது, ஆர்டர்களைச் சேர்த்துப் போடுவது, விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாட்டில் கூடுதலாகக் கேட்பது. விளையாட்டில் விலை மாறுவதில்லை, லாரி நிரம்பட்டும் என்று யாரும் காத்திருப்பதும் இல்லை. ஆட்டத்தை மட்டும் நம்பினால் நடுவில் உள்ள இரண்டும் மண்டையில் ஏறாது.

ஆகவே:

- பதிவுத் தாளை அன்றே படமெடுங்கள். அன்றிரவே ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ‘ஏன் கேட்டேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.
- நால்வரின் ஆர்டர்களையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஆலையை நெருங்க நெருங்க அலை பெருப்பது தெரியும். இரண்டாம் முறை இதைத்தான் முதலில் வரைந்தேன்.
- ஆர்டர் போடுமுன், வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கழியுங்கள்.
- குழுவாகப் படிக்காதீர்கள். அரட்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று: ஆட்டம் 50 வாரம் என்பார்கள். எங்களுக்கு 36இலேயே மணி அடித்துவிட்டது. கடைசி வாரங்களில் இருப்பைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த ஆலைக்காரன் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான்.